சிரிக்கத் தெரிந்த மாப்பிள்ளை

“புரியலைன்னா எங்கப்பா மூஞ்சியப் பாரு. அவர் மீசை துடிச்சா சிரிப்பு வருதுன்னு அர்த்தம். நீயும் சிரிச்சு வை!”

சொல்லிவிட்டு மாரீஸ் மதுக்கடையின் சின்ன மேடைக்குப் போய்விட்டாள். அவள் காதலன் டன்கன் நாற்காலியை அவள் அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

மாரீஸின் ஜோக்குகளுக்கு மொன்றியாலில் தனி மவுசு. ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பிரெஞ்சில் கொண்டுபோய்க் கவிழ்ப்பாள். இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரும். டன்கனுக்கோ பிரெஞ்சில் ‘போன்ஜூர்’ தாண்டினால் கும்மிருட்டு.

பக்கத்தில் பீர் கிளாஸோடு உட்கார்ந்திருந்த அவள் அப்பா ரெஜான், மாரீஸ் மூலம் கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார்: “என் பொண்ணு ஜோக் புரியாதவனுக்கு என் பொண்ணு கிடையாது.” அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியுமாம். வீம்புக்குப் பேச மாட்டாராம்.

மாரீஸ் முதல் ஜோக்கை எடுத்துவிட்டாள். ரெஜானின் மீசை துடித்தது. டன்கன் சட்டென்று “ஹா ஹா!” என்றான். ரெஜான் மேசையைத் தட்டிக் குலுங்கினார். அடுத்தடுத்த ஜோக்குகளுக்கும் இதே கதைதான். டன்கனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எதற்கென்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

இடைவேளையில் மாரீஸ் திரைக்குப் பின்னால் போனாள். கடை முதலாளி மைக்கைப் பிடித்து, ஊர் வழக்கப்படி இரண்டு மொழியையும் கலந்து என்னவோ கத்தினார். ‘நீல டிரக்’ என்பது மட்டும் டன்கனுக்குப் புரிந்தது. ரெஜானைப் பார்த்தான். மீசை துடித்தது.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், தெருவில் பனியை வாரிச் சுத்தமாக்கியிருந்தார்கள். ரெஜானின் நீல டிரக்கைக் காணோம்.

முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார். “பனி வார்றவங்க வழியில நிக்குற நீல டிரக்கை இழுத்துட்டுப் போறாங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறீங்களே!”

“ஐயோ அப்பா! இவனுக்குத்தான் பிரெஞ்சு தெரியாது. உங்களுக்கு என்ன கேடு?” என்று மாரீஸ் பிரெஞ்சில் கத்தினாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரெஜான் தலையைச் சொறிந்தார்.

“இழுத்துட்டுப் போறாங்கன்னு புரிஞ்சுது. எந்த வண்டின்னு அந்தாளு எனக்குத் தெரியாத இங்கிலீஷ்ல சொல்லித் தொலைச்சாரு! ஒண்ணும் புரியலைன்னா எனக்குப் பதட்டத்துல மீசை துடிக்கும்மா. இத்தனை வருஷமா உன் ஜோக்குக்கெல்லாம் பக்கத்துல இருக்கறவன் சிரிச்சாத்தான் நானும் சிரிப்பேன். இன்னிக்கு மாப்பிள்ளை சிரிச்சாரு!”