மிச்சம் இரண்டு இஞ்சு

துணி வெட்டும் மேசையில் இரண்டு வங்கிகளின் வீட்டுக்கடன் தாள்கள் கிடக்கின்றன. சாயங்கால வெயில் தையல் மிஷினின் சக்கரத்தில் மினுங்குகிறது. தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை உருவி நீட்டுகிறார். இஞ்சுக்கு ஒரு வயது என்று கணக்கு வைத்து, தன்னுடைய முப்பத்தெட்டில் சாக்பீஸை ஊன்றுகிறார். மனைவி முதல் தாளைப் படிக்கிறாள். "இவங்ககிட்ட தவணை கம்மிங்க. ஆனா இருபத்தஞ்சு வருஷம்." சாக்பீஸ் நகர்கிறது. அறுபதில், பித்தளை முனையோடு, டேப் முடிந்துபோகிறது. மீதி மூன்று வருடம் வெறும் மேசையில் நடக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னொருத்தங்க?" "இருபது வருஷம். தவணை கையைக் கடிக்கும்." சாக்பீஸ் ஐம்பத்தெட்டில் வந்து நிற்கிறது. பித்தளை முனை வரைக்கும் மிச்சமிருக்கும் இரண்டு இஞ்சை அவள் கட்டைவிரலால் நீவிவிடுகிறாள். "கடிச்சா கடிக்கட்டுங்க. இந்த ரெண்டு இஞ்சாவது நம்மளோடதா இருக்கட்டும்."