தப்பான நெட்வொர்க்

வக்கீல் அறையில் விவாகரத்துப் பங்கு பிரித்தார்கள். கார் அவனுக்கு, வீட்டுச் சாமான்கள் அவளுக்கு. மிச்சம் இருந்தது இருவர் சம்பளத்திலும் சேர்த்து வாங்கிய கிரிப்டோ டோக்கன்கள்.

"பாதி எனக்கு வரணும்," என்றாள் அவள்.

"எதுல பாதி? போன மாசம் போன்ல இருக்கற வாலெட் ஆப்புக்கு மாத்தும்போது, கட்டணம் கம்மின்னு வேற நெட்வொர்க்ல அனுப்பிட்டேன். கிணத்துல விழுந்த கல்லுதான்."

போனை நீட்டினான். வாலெட்டில் பூஜ்யம்.

"யார்கிட்டயாவது கேட்டுப் பாத்தீங்களா சார்?" என்றார் வக்கீல்.

"எனக்குத் தெரியாததை யார்கிட்ட கேக்கறது?"

"சரி, இந்த வாலெட்டை யாருக்குன்னு எழுத?"

அவன் சிரித்தான். "பாதி கேட்டாள்ல, முழுசையும் அவளுக்கே எழுதுங்க. பூஜ்யத்தை வெச்சுக் கொண்டாடட்டும்."

"நல்லா யோசிச்சுக்குங்க," என்றாள்.

"உனக்கு இதெல்லாம் சொன்னாலும் புரியாது. கையெழுத்தைப் போடு."

இருவரும் போட்டார்கள். வாலெட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களையும் ஒரு தாளில் கிறுக்கி அவள் பக்கம் தள்ளினான்.

அவள் அவற்றைத் தன் போனில் அடித்தாள். வாலெட் இதுவரை காட்டாமல் இருந்த, அவன் தவறுதலாக அனுப்பிய நெட்வொர்க்கை அதில் சேர்த்தாள். பூஜ்யம் இருந்த இடத்தில் டோக்கன்கள் அத்தனையும் வந்து உட்கார்ந்தன.

அவன் எழுந்தே விட்டான். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வாலெட் கம்பெனிக்குத்தான் போன் எடுக்கறேன். தினம் முப்பது பேர் இதையே சொல்லி அழறாங்க."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"கால் சென்டர்ல வேலைன்னு நான் சொன்னதோட விட்டுட்டீங்க. எந்தக் கம்பெனின்னு ஆறு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கலாம்."