பார்லோக் மண்

மண் உலர்ந்திருந்தது.

அவள் விரல்களை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

ஸ்காட்லாந்தின் அந்த மலைப்பக்கத்தில் வாரம் பூராவும் விடாத மழை. கோட்டைச் சுவரே வியர்த்து நிற்கிறது. இந்த மண் மட்டும் வறுத்த மாவு போலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கல்லையும் வாங்கிக்கங்க அண்ணி. அப்பத்தான் முடிஞ்ச மாதிரி," என்றான் லுடோவிக். அவள் கணவரான பிரபுவின் தம்பி.

ஒரு பிடி மண், ஒரு கல். இரண்டும் கைக்கு வந்தால் நிலம் கைக்கு வந்தது என்பது அந்த நாட்டு வழக்கம். ஆனால் அந்த நிலத்திலேயே நின்று, அங்கேயே அள்ளித் தர வேண்டும்.

இங்கே கூடத்தில், கணப்பு நெருப்புக்கு முன்னால் அல்ல.

மாடியில் பிரபு படுத்த படுக்கை. பிள்ளையில்லை. அவர் கண்ணை மூடினால் கோட்டையும் ஊர்களும் தம்பிக்கு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பார்லோக் பண்ணை மட்டும், உயிர் உள்ளவரை, அவளுக்கு. வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று கல்யாணத்தின்போதே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

பார்லோக் முறையாகக் கைமாறாவிட்டால் கட்டிய துணியோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

"இது பார்லோக்ல எடுத்ததா, தம்பி?"

"பின்னே? ஆளனுப்பி எடுத்தாரச் சொன்னேன். ஆத்துல வெள்ளம். உங்களைக் கூட்டிட்டுப் போயி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணன் என்னைச் சும்மா விடுவாரா?"

"அவ்வளவு வெள்ளத்தைத் தாண்டி வந்திருக்கு. ஒரு பொட்டு நனையலையே!"

அவன் சிரித்தான். சாட்சிக்கு வந்திருந்த இருவரும் சிரித்தார்கள். ஒருவரும் அவள் கையைப் பார்க்கவில்லை.

கல்லையும் வாங்கிக்கொண்டாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு படியேறும்போதே தீர்மானித்துவிட்டாள். அவரிடம் சொல்லிவிட வேண்டும். உங்கள் தம்பி செய்கிற காரியத்தைப் பாருங்கள் என்று. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மழை விட்டதும் அத்தனை பேரும் பார்லோக் வயலில் போய் நின்றாக வேண்டும்.

அதுவரை அவர் இருக்க வேண்டும்.

"மண்ணு கைக்கு வந்துடுச்சா?"

அவள் உட்காரும் முன்பே கேட்டார்.

சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். காய்ச்சலில் மங்கிக் கிடந்த கண்கள் இன்று தெளிவாக இருந்தன. அவள் முகத்தில் எதையோ தேடின.

"வந்துடுச்சுங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்ல ஈர மண்ணு. பிழிஞ்சா தண்ணி சொட்டும் போல," என்றாள்.

அவர் புருவம் ஒரு கணம் நெரிந்தது.

"ஈரமாவா?"

"ஆமாங்க. பார்லோக் மண்ணாச்சே."

இத்தனை மழையில் மண் ஈரமாக இருந்ததில் அவருக்கு என்ன ஆச்சரியம்?



கஞ்சியைக் கலக்கி, ஆற்றி, கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

உதடு திறக்கவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் கையால்தான் எல்லாம். ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

குடித்தாள்.

அவள் விழுங்கும்வரை, அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.