பழமை மாறாமல்

சுற்றுலா வருபவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இருநூறு வருடக் கல்லறைத் தோட்டம் அது. அதைச் சீரமைக்க வந்த பொறியாளர் பெண், பழைய புகைப்படம் ஒன்றைக் கொத்தனார் சூசைமாணிக்கத்திடம் நீட்டினாள். தோட்டத்தின் நடுவே ஓடிய சுவரைத்தான் முதலில் கட்ட வேண்டுமாம்.

செத்த பிறகும் சாதி தெரிய வேண்டும் என்று எழுப்பிய சுவர். போன புயலில் வேப்பமரம் சாய்ந்து அதைத் தரைமட்டமாக்கியிருந்தது. அதற்கடுத்த கல்லறைத் திருநாளில்தான், அவன் தன் அம்மாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தியின் வெளிச்சம் அந்தப் பக்கத்துச் சிலுவைகள் மேலும் விழுந்தது.

"விழுந்தது விழுந்ததாவே கெடக்கட்டுமே மேடம். இதைப் போய் மறுபடி கட்டணுமா?"

"நான் என்னங்க பண்றது? பழமை மாறாம கட்டணும்னு ஆர்டர்ல எழுதியிருக்கு. பாருங்க, பூச்சுகூட மேற்குப் பக்கம் மட்டும்தான். கிழக்குப் பக்கம் வெறும் செங்கல்."

அவன் அம்மா கிடப்பது கிழக்கில். அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. கரணையை வீசியெறியப் போனவன், என்ன நினைத்தானோ, இரண்டு முளைகளை அடித்துச் சுவர் இருந்த இடத்தில் நூலை இழுத்துக் கட்டினான். அம்மாவின் தலைமாட்டுப் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

"மேற்குப் பக்கம் பூசணும்னா நான் அந்தப் பக்கம் வந்துதானே மேடம் நிக்கணும்? பழமை மாறக் கூடாதுன்னா என்னை அங்க நிக்க விடலாமா? நீங்களே சொல்லுங்க."

படத்திலிருந்து தலையை நிமிர்த்திய அவள், தான் நூலுக்கு மேற்கே நிற்பதை அப்போதுதான் பார்த்தாள்.