லேப்டாப் விடுதலை விழா

மானுட குலத்தின் கணினி வரலாற்றில் அன்று ஒரு புதிய அத்தியாயம் தொடங்கியது.

சேலம் ஐந்து ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேலே, ஏழு நாற்காலி போட்ட அறையில் தொடங்கியது. ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அவன் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தான். வீடியோ கேம் நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டும் கேம் செய்வது டிஜிட்டல் ஏகாதிபத்தியம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸுக்கும் செய்தாக வேண்டும். செய்யும்வரை இந்தச் சங்கம் ஓயாது.

கைதட்டினார்கள்.

லினக்ஸ் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த சங்கம் அது. தொட்டவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

அவன் இதுவரை ஒரு டீகூட வாங்கியதில்லை.

தீர்மானத்தில் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது.

அவன் மகள் பூனாவில் இருந்தாள். அம்மாவோடும், அம்மா மறுமணம் செய்துகொண்ட நிரஞ்சனோடும்.

போனில் பேசினால் "ம்" என்பாள். "சாப்ட்டேன்" என்பாள். "அம்மாட்ட குடுக்கவா?" என்பாள்.

படகில் மட்டும் பேசுவாள்.

இருவர் சேர்ந்து விளையாடும் கேம். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் சுக்கான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலத்திலிருந்து அவனும் பூனாவிலிருந்து அவளும் கடலில் இறங்குவார்கள். அவன் தவறாமல் பாறையில் மோதுவான். அவள் தவறாமல் சிரிப்பாள். கணக்கு டீச்சரின் சவுரி, கீழ்வீட்டு நாய், ஆடும் பல் என்று பத்து வயது வாய் ஓயாது.

பிறகு ஒரு அப்டேட் வந்தது. இனி விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றது.

"ஒரே ஒரு வாட்டி விண்டோஸ் போட்டுக்கோயேன்ப்பா."

போனில் அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

மென்பொருள் தர வேண்டிய நான்கு சுதந்திரங்களை அவன் விளக்கத் தொடங்கினான். மூன்றாவது சுதந்திரத்தில் போன் அம்மாவிடம் போயிருந்தது.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது.

அவளுடைய பழைய லேப்டாப். மூடியில் ஜிகினாத் திமிங்கிலம். விசைப்பலகை மேல் ஒட்டிய சீட்டில் சாய்ந்த கையெழுத்து: 'பாஸ்வேர்டு அப்பாபடகு. சண்டே வந்துடு.'

உள்ளே விண்டோஸ் இருந்தது.

அவன் அதைச் சங்கத்துக்குத் தூக்கிப் போனான்.

"புள்ளையோட ஒரு மணி நேரம் விண்டோஸ்ல உக்காந்தா கை அழுகியா போயிரும்?" என்றார் கீழே பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஜெபக்கனி. "அந்த டீய நான் வாங்கித் தர்றேன், விடுங்க."

"இன்னிக்கு மகளுக்காகன்னு ஆரம்பிக்கும் தோழர்," என்றார் தலைவர் சபாநாயகம். "நாளைக்குப் பல்லு வெளக்கறதுக்கும் லைசென்ஸ் வாங்குன்னுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

ஒரு கணினியிலிருந்து விண்டோஸைத் துடைத்தெறிந்து லினக்ஸை ஏற்றினால் சங்கத்தில் அதற்கு விடுதலை விழா என்று பெயர். கேசரி உண்டு. கணினிக்குச் சாமந்தி மாலை உண்டு.

அன்றைக்கு முந்திரி போட்ட கேசரி.

பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. அழிப்பதற்கு எதற்குப் பாஸ்வேர்டு?

உள்ளே என்ன வைத்திருந்தாள் என்று அவன் பார்க்கவில்லை.

படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. சாமந்திகளுக்கு நடுவே திமிங்கிலத்தின் வால் தெரிந்தது. தமிழகம் முழுவதிலுமிருந்து வாழ்த்துகள் வந்தன.

பூனாவிலிருந்தும் ஒன்று வந்தது. அவள் அம்மா அனுப்பியிருந்தாள்.

'அவ பாத்துட்டா.'

அவன் போராட்டத்தைத் தீவிரப்படுத்தினான்.

படகு கேம் நிறுவனத்தின் இணைய மன்றத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதினான். லினக்ஸில் விளையாடுபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான், அவர்களுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்ட ஒரு போலந்துக்காரனைப் புள்ளிவிவரத்தால் அடித்தான். போலந்துக்காரனும் திருப்பி அடித்தான். ஞாயிற்றுக்கிழமைகள் போலந்துக்காரனோடு போயின.

மகளை அழைக்க நினைப்பான். வென்ற பிறகு அழைக்கலாம் என்று இருந்துவிடுவான்.

வென்றுவிட்டான்.

மழைக்காலம் முடியும்போது நிறுவனம் அறிவித்தது. கேம் இனி லினக்ஸிலும் ஓடும். சபாநாயகம் அவனுக்குத் துண்டு போர்த்தினார். ஏகாதிபத்தியம் மண்டியிட்டது என்று பேசினார். மறுபடியும் கேசரி.

ஜெபக்கனி மட்டும் கேட்டார். "புள்ள கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. நேராகக் கேம் கடலிலேயே போய் நிற்கலாம் என்றிருந்தான்.

ஞாயிறு மதியம் கதவைச் சாத்திக்கொண்டான். விடுதலை பெற்ற லேப்டாப்பைத் திறந்தான். திமிங்கிலத்தின் ஒரு கண்ணில் ஜிகினா உதிர்ந்திருந்தது.

கடல் அப்படியே இருந்தது. அதே அலைச் சத்தம்.

கரையில் அவன் நின்றான். தூரத்தில் அவள் படகு தெரிந்தது. துடுப்புப் போடும் உருவத்தின் தலைக்கு மேல் அவள் பெயர் மிதந்தது.

'வந்துட்டேன்' என்று தட்டினான்.

படகு பாறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. மோதவில்லை. ஒரு பாறையில்கூட மோதவில்லை.

பதில் வந்தது.

'ஹாய்ப்பா. லினக்ஸ்ல வந்துடுச்சா? கங்கிராட்ஸ்.'

சுக்கான் பக்கம் இருந்த உருவத்தின் தலைக்கு மேல் நிரஞ்சன் என்று இருந்தது.

அந்தப் படகில் இரண்டு பேர்தான் உட்கார முடியும்.