தணிகாசலத்துக்கு ஒரு பங்கு

"கஜபதி, உன் பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுய்யா" என்றார் பக்தவச்சலம். அவர் கஜபதியின் அக்கா புருஷன், அரக்கோணத்தில் தானிய மண்டி வைத்திருப்பவர்.

கஜபதிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பின்னே? பர்மாவில் சண்டை மூண்டு ரங்கூன் அரிசி நின்றதிலிருந்து கோவிந்தம்மாள் பிடித்த பிடி அப்படி. திருத்தணியைச் சுற்றி அத்தனை பேரும் வேர்க்கடலை போட்டுக் காசு பார்த்தார்கள். இவள் மட்டும் கேழ்வரகு, துவரை, விளக்கெரிக்க ஆமணக்கு என்று நிலத்தைப் பிரித்துவிட்டாள். மண்ணெண்ணெய் வேண்டாம், கடைச் சர்க்கரை வேண்டாம். காபி என்று வாயெடுத்தால் மோர்ச் செம்பு வந்து நிற்கும்.

"கடைய மூடினா நம்ம அடுப்பும் அணையணுமா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

தை மாதம் களத்தில் கேழ்வரகை மூன்று குவியலாகப் பிரித்தாள்.

"இது வூட்டுக்கு. இது விதைக்கு."

"அது?" என்று கேட்டான் கஜபதி.

"அது தணிகாசலத்துக்கு."

கஜபதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எவ்வளவு பிடிவாதக்காரியாக இருந்தால் என்ன, தணிகை மலைமேல் இருக்கிற முருகனை மறக்கவில்லையே. அந்த மூட்டைகளுக்குத் தன் கையாலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்தான். அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவான்.

பங்குனியில் தானியம் கண்டபடி விலை ஏறியது. பக்தவச்சலம் வண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா கோவிந்தம்மா, வூட்டுக்கு வெச்சிகினு மிச்சத்த ஏத்தி வுடு. இந்த வெல இனிமே வராது."

"மிச்சம்னு எதுவும் இல்லண்ணா."

"அந்த மூட்டைங்க?"

"தணிகாசலத்துக்கு வெச்சது."

கஜபதியின் முகத்தில் ஆசை ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. பெரிய விலையாயிற்றே. ஆனால் குங்குமம் கண்ணில் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ஊரை ஏமாற்றலாம், மலைமேல் இருக்கிறவனை ஏமாற்ற முடியுமா? பக்தவச்சலமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெறும் வண்டியோடு திரும்பினார். எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஆனி வந்தும் மழை இல்லை. காட்டில் வேலை இல்லை, கூலி இல்லை. அரிசி டிப்போவில் நின்றவர்கள் வெறும் பையோடு வீடு திரும்பினார்கள். கோவிந்தம்மாள் வீட்டில் மட்டும் தினமும் களி கிண்டினார்கள்.

ஒருநாள் மத்தியானம் பக்தவச்சலம் மறுபடி வந்தார்.

"உங்க ஏர்க்காரன் தணியன் குடும்பத்தோட பட்டணத்துக்குக் கெளம்பறான், தெரியுமா? புள்ளைங்க புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுகினு இருக்குதுங்க."

கோவிந்தம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்ப போறானாம்?"

"சாயந்தர ரயிலுக்கு."

"இன்னாங்க, வண்டியப் பூட்டுங்க" என்றாள் புருஷனிடம். "தணிகாசலத்து மூட்டைங்கள ஏத்துங்க. குடுக்கற வேளை வந்துடுச்சு."

பக்தவச்சலத்துக்குப் பொறுக்கவில்லை.

"நல்லா இருக்குதும்மா உன் நாயம். உன் நெலத்துல மாடா ஒழைச்சவன் பட்டினி. நீ மலைமேல இருக்கறவருக்கு மூட்டை கட்டற. அவருக்கு இன்னா பசியா எடுக்குது?"

"பேச நேரமில்லண்ணா. நீங்களும் வண்டியில ஏறுங்க."

கஜபதி குளித்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் விடவில்லை. அவசரமாக விபூதியைப் பூசிக்கொண்டு, ஒரு தேங்காயையும் எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

மலையடிவாரம் வந்தது.

"இப்படித் திருப்புங்க" என்றாள்.

"படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்குதுடி."

"ஆங், தெரியும். திருப்புங்கன்றேன்."

வண்டி கூலிக்காரர் தெருவில் கடைசிக் குடிசை முன்னால் நின்றது. வாசலில் ஒரு துணி மூட்டையும் நாலு சட்டிபானையும் கிளம்பத் தயாராக இருந்தன.

"தணிகாசலம்" என்று கூப்பிட்டாள் கோவிந்தம்மாள்.

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"உன்னத்தான்யா கூப்புடறாங்க" என்று உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

தணியன் வெளியே வந்தான். பேர் வைத்த அப்பன் போன பிறகு அவனை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பாவம், அவனுக்கே உறைக்கவில்லை.

"மூட்டைங்கள எறக்கி உள்ள வைய்யா. உன் பங்குதான். மழை வர்ற வரைக்கும் தாங்கும். பட்டணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தணியன் நம்பாமல் கஜபதியின் முகத்தைப் பார்த்தான். கஜபதியோ கொண்டுவந்த தேங்காயைத் தூக்கிக் காட்டினான்.

"அடிப்பாவி, சாமிக்கு நேர்ந்ததாச்சேடி."

"நேர்ந்தேன்னு நான் சொன்னேனா? தணிகாசலத்துக்குன்னுதான் சொன்னேன். ஏர் புடிக்கறவன் ஊர வுட்டுப் போயிட்டா விதைய வெச்சிகினு நாம இன்னா பண்றது? வேலையில்லாத மாசத்துல அவன் அடுப்பும் எரியணும்னுதான் தையிலயே எடுத்து வெச்சேன்."

"அத அன்னிக்கே வெவரமா சொல்லக்கூடாதா? நான் இன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

கோவிந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்தவச்சலத்தையும் பார்த்தாள்.

"தணியனுக்குன்னு சொல்லியிருந்தா, பங்குனியிலயே அண்ணன் வண்டியில ஏத்தியிருப்பீங்க. குங்குமமா வெச்சிருப்பீங்க?"