எதிர் பெஞ்சு

"இங்கன வந்து உக்காருங்க. யாரு பாக்கப் போறாக?"

செல்லத்தாய் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். பெத்தணன் காதில் விழாதவர் போல எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பொரிச்ச பரோட்டாவுக்குச் சொன்னார்.

கல்யாணமான புதிதில், விருதுநகருக்கு வந்தாலே இதே கடைதான். ஒரே இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் நன்றாக ஊறியதை அவள் பக்கம் தள்ளிவிடுவார். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெடிமருந்து அடைத்தவர்கள் அல்லவா, தோள் இடிக்காமல் இருக்கவே அவருக்குத் தெரியாது. அந்த மனுஷனா இவர் என்று எதிர் பெஞ்சைப் பார்த்தாள்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, மிச்சம் மீதி இருந்துவிடக் கூடாதென்று மதுரையில் கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பேர். அன்றிலிருந்து இந்த விலகல். பஸ்ஸில் ஆண்கள் பக்கம், வீட்டில் வாசல் கட்டில். பட்டாசுக் கம்பெனியில் கூப்பிட்டு வாட்ச்மேன் வேலை தருகிறோம் என்றார்கள்; அதற்கும் போகவில்லை.

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல, நல்லாயிருச்சுன்னுதான டாக்டர் இன்னைக்குச் சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணுக்கு ஒழுகுறது நிக்கலையே."

"கொஞ்சங் கொஞ்சமா நிக்கும்னாரு. துணிய நாந்தான தொவைக்கேன், என்னைக்காவது மொகஞ் சுளிச்சனா?"

அவர் இலையில் தண்ணீர் தெளித்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மத்ததும் பழையபடி வராமப் போகலாம்னாரு. போகட்டுமே. எனக்கு அதா பெருசு? பக்கத்துல இருந்தாப் போதும்."

சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனாள். பெத்தணன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

செல்லத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னைய அம்புட்டுக்குப் பிடிக்காமப் போச்சா?"

"கூறுகெட்டவளே," என்றார் அவர். "நீ இன்னும் மருந்து அடைக்கிறவ. எம்புட்டுத் தேச்சுக் குளிச்சாலும் நகக்கண்ணுல இருக்கத்தான செய்யும். எனக்கு ஒடம்பு முழுக்கக் கரண்டு ஏத்திருக்காக. ஒரு பொறி கெளம்புனா, நான் போனாப் போறேன், நீ என்னாவ புள்ள?"